பூஜையில் வைத்த ஒன்பது போஸ்டர்கள்

மாதுங்கா, பம்பாய்
20-10-1964

அன்புள்ள நெல்லையப்பனுக்கு,

நேற்று உம்முடைய பிரஸ்ஸுக்கு போன் செய்தேன். நீர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சிவகாசிக்குப் போய்விட்டதாக ஃபோர்மன் சொன்னார். அங்கே ஓர் அச்சகத்தில் ஜெர்மன் மிஷின் இறக்கியிருக்கிறார்களாம், ஓட்டிக் காட்ட ஆள் கேட்டார்களாம். இந்த ஆறு வருஷத்தில் மஸ்ஜித் பந்தர் வரை போவதென்றால்கூட என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவர் நீர். ஆயிரம் மைல் போகும்போது ஒரு கார்டு போடத் தோன்றவில்லை. இந்த விலாசத்தையே ஃபோர்மனிடம் கெஞ்சித்தான் வாங்கினேன்.

விஜயதசமி சாயங்காலம் நடந்ததில் உமக்குக் கோபம் என்று தெரிகிறது. எனக்கும் இங்கே சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் என் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாரும்.

சரஸ்வதி பூஜையன்று புஸ்தகங்களோடு நம் தகரக் குழலையும் அடுக்கினேன். எனக்கு இப்போது படிப்பு என்று இருப்பது ரெபெல்லோ வரைந்த கோல்ஃப் போஸ்டர்கள்தானே. ஒன்பதையும் எண்ணி, ஒன்றாகச் சுருட்டி, உள்ளே தள்ளி மூடி போட்டுச் சந்தனம் வைத்தவன் நான். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் தொடமாட்டோம். என் சம்சாரம் பாகீரதி அன்றைக்குக் காலண்டர் தாளைக்கூடக் கிழிக்கமாட்டாள். மறுநாள் காலை புனர்பூஜை முடிந்து குழலை அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் நீர் வந்தீர். நான் காப்பிப்பொடி வாங்கக் கீழே இறங்கினேன். கால்மணி நேரம் அந்த அறையில் நீர் தனியாக இருந்தீர். நான் வந்து குழலைத் திறந்தால் எட்டுதான் இருக்கிறது, செம்பூர் மைதானப் போஸ்டர் இல்லை. உமது தோளில் நீர் எப்போதும் போஸ்டர் கொண்டுவருகிற அந்த நீளக் காடாப் பை. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

பையில் பிரஸ் பூஜைப் பொரிதான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எப்படி என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் போஸ்டருக்குக் கால் கிடையாது. நீர் எடுத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். துணி ஒட்டியதைச் சரிபார்க்க நினைத்திருக்கலாம், எங்கேயாவது வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் கோபிக்கமாட்டேன். போஸ்டர் திரும்பி வந்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி பேசவும் மாட்டேன்.

இப்படிக்கு,
பஞ்சு

சிவகாசி
29-10-1964

மதிப்பிற்குரிய பஞ்சு சார் அவர்களுக்கு நெல்லையப்பன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'நான் கோபிக்கமாட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை படித்தேன். பெரிய மனசுதான்.

நான் எடுக்கவில்லை. இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவை எழுதுவதாக இல்லை.

நீங்கள் யோசிக்கச் சொன்னீர்கள், ரயிலில் இரண்டு நாள் அதைத்தான் செய்தேன். சோர் பஜாரில் ஊட்டி போஸ்டரின் ஒரு முனையை நீங்களும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு நின்றோமே, அதிலிருந்து யோசித்தேன். பச்சையெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கிறதே, பூஞ்சைக்காளான் பிடித்துவிட்டதோ என்று கேட்டீர்கள். எட்டடி தள்ளி நிற்க வைத்துக் காட்டினேன். அதுவரைக்கும் வெறும் திட்டாகத் தெரிந்தது உங்களுக்குப் பனி ஈரப் புல்லாக மாறியது. 'அடடா' என்று வாயில் கை வைத்தீர்கள். நிறத்துக்கு ஒரு கல்லாகப் பதினோரு கல் வைத்து அச்சிட்டிருக்கிறான் என்று நான் எண்ணிச் சொன்னதும் போஸ்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நாம் இரண்டு பேரும் கோல்ஃப் மட்டையைக் கையால்கூடத் தொட்டதில்லை. பாரீஸில் படித்துவிட்டு வந்த கோவாக்காரன் ரெபெல்லோ கப்பல் கம்பெனிக்காக முப்பத்து மூன்றாம் வருஷம் வரைந்த ஒன்பது புல்வெளிக்காக பம்பாயில் நாம் ஏறி இறங்காத பழைய பேப்பர் ரத்திக்கடை இல்லை.

அந்தச் செம்பூர் போஸ்டர் எங்கே கிடைத்தது, சார்? தாராவியில் தோல் கிடங்கில் ஒரு தோல் கட்டின் மேல் சுற்றியிருந்தது. உப்பும் கொழுப்பும் ஏறி அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. மூன்று நாள் ஈரத்துணிக்குள் வைத்துப் பிரித்து, மைதாப் பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து, மல் துணியில் ஒட்டி, நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தேன். எங்கள் கூரை ஒழுகும், ஒன்பதும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னவனும் நான். வேண்டும் என்றால் அன்றைக்கே வைத்துக்கொண்டிருக்கலாமே. கிடைத்த விஷயமே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நீங்கள் சந்தேகப்பட்டதைக்கூட விடுங்கள். ஆரத்திக்கு வந்த ஐந்து பேர் கூடத்தில் நிற்கிறார்கள். நாகலக்ஷ்மி மாமி இருக்கிறார், பில்டிங் செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன் சார் இருக்கிறார், மேல்மாடிக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், "நெல்லையப்பன், உம்ம பையை ஒரு தடவை திறந்து காட்டும்" என்றீர்கள். காட்டினேன். பொரி கொஞ்சம் தரையில் சிந்தியது. அதைக் குனிந்து அள்ளினேன் பாருங்கள், அதுதான் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

நாகலக்ஷ்மி மாமி வீட்டில் வேலை செய்கிற அம்மாள் எங்கள் தாராவிச் சந்துதான். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னால் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி இசக்கி இப்போது குழாயடிக்குப் போவதில்லை. மைத்துனன் சொரிமுத்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவன் கேட்காததும் ஒரு கேள்வியாகத்தான் இருந்தது. அதனால்தான் சிவகாசிக்காரர்கள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

போஸ்டர் உங்கள் வீட்டுக்குள்ளிருந்து போயிருக்கிறது. கேட்க வேண்டியதை வீட்டுக்குள் கேளுங்கள்.

இப்படிக்கு,
நெல்லையப்பன்

மாதுங்கா
8-11-1964

அன்புள்ள நெல்லையப்பன்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். போஸ்டரை எடுத்துக் கொடுத்தவள் பாகீரதி.

உமது கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. 'வீட்டுக்குள் கேளுங்கள்' என்று எழுதியிருக்கிறானே, பூஜையில் வைத்ததை என் வீட்டில் யார் தொடுவார்கள் என்று அவளிடமே படித்துக் காட்டினேன். மறுநாள் காலை கங்காஸ்நானம் ஆகிப் புதுப்புடவையைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறாள். "ஏன்னா, நான் இதைக் கட்டிக்கமாட்டேன். அந்தப் பிராமணத்தியை நம்பி நீங்க ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேள்" என்றாள். எந்தப் பிராமணத்தி என்று கேட்டேன். "நான்தான்" என்று சொல்லி உட்கார்ந்து அழுதாள்.

விஷயம் இதுதான். சரஸ்வதி பூஜையன்று நான் கோவிலுக்குப் போயிருந்தபோது எங்கள் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் சம்சாரம் வாலாம்பாள் செம்பூரிலிருந்து கொலுவுக்கு வந்திருக்கிறாள். எதிர்பாராத விருந்தாளி. தாம்பூலத்தில் வைக்க வாங்கிய ரவிக்கைத் துணி முந்தின விருந்தாளியோடு தீர்ந்துபோயிருந்தது. பேச்சுவாக்கில் அந்த அம்மாள் தன் வீட்டு ஜன்னலிலிருந்து கோல்ஃப் மைதானம் தெரியும் என்று சொன்னாளாம். உடனே இவளுக்கு, எங்களிடமும் அந்த மைதானப் படம் இருக்கிறது என்று பெருமை. பூஜை, தொடக்கூடாது என்பதெல்லாம் அந்த நிமிஷம் மறந்துவிட்டது. குழலைத் திறந்து எடுத்துக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் "எங்காத்து ஜன்னலேதான்" என்று மூன்று தடவை சொல்லி மடியில் வைத்துக்கொண்டாளாம். தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் மட்டும் இருக்கிறது, வெறும் தாம்பூலமாக அனுப்ப முடியுமா? போஸ்டரைச் சுருட்டி அதோடு வைத்துக் கொடுத்துவிட்டாள் பாகீரதி.

ஒன்பதில் ஒன்றுதானே, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். அப்புறம்தான் பூஜையில் வைத்ததைத் தொட்டது ஞாபகம் வந்திருக்கிறது. சரஸ்வதி முன்னாலிருந்து எடுத்தோமே, வீட்டுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். அந்த நாளைக்குத்தான் நீர் வந்தீர், நான் பையைத் திறக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கு வாய் கட்டிப் போய்விட்டது. மூன்று வாரமாக நான் உம்மை ஏசும்போதெல்லாம் அடுக்களையில் போய் நின்றுகொள்வாள். நான் அதை அவளும் உம்மேல் கோபமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அவள் தப்பு சின்னது. என் தப்புக்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. என் வீட்டு மனுஷர் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டபோது உம்மை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆறு வருஷம் ஒன்றாக அலைந்த பிறகும் சேர்க்கவில்லை. மன்னித்துவிடும். வாலாம்பாளிடம் போய் எப்படியாவது போஸ்டரைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். நீர் திரும்பி வாரும்.

பஞ்சு

சிவகாசி
16-11-1964

அன்புள்ள பஞ்சு சார்,

கடிதத்தை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். படித்து முடித்ததும் போய்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தபோதுதான் மூச்சு சீராக வந்தது.

பாகீரதி மாமியை ஒன்றும் சொல்லாதீர்கள். பயந்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள், அது எனக்குப் புரிகிறது. பிறகு அவர்களாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். புதுப்புடவையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாலாம்பாள் அம்மாளிடம் போய்க் கேட்க வேண்டாம். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மாமிக்குத்தான் தலைகுனிவு. போதாததற்கு உங்கள் சூப்பரிண்டெண்ட் வேறு. அந்த அம்மாளுக்குப் பிடித்துத்தானே மடியில் வைத்துக்கொண்டார்கள். தோல் கட்டைச் சுற்றிக் கிடந்ததற்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது நல்ல யோகம்தான். வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டச் சொல்லி மட்டும் ஆள் அனுப்புங்கள், அந்தப் பச்சையில் மஞ்சள் கல்லின் மை வெயிலுக்கு ஓடிவிடும்.

இனி நான் எழுதுவது உங்களுக்குக் கசக்கும். எழுதாமல் இருந்தால் எனக்குள் கசந்துகொண்டே இருக்கும்.

பையைத் திற என்றது ஐந்து பேர் முன்னால். தப்பு என்று ஒத்துக்கொண்டது ஒட்டின கவருக்குள் வந்திருக்கிறது. இந்தக் கவரை நான் ஒருவன் பிரித்துப் படித்தால் நாகலக்ஷ்மி மாமிக்கு எப்படித் தெரியும்? இசக்கிக்குப் படிக்கத் தெரியாது. நானே எழுதி அனுப்பினாலும், புருஷன் தன்னை விட்டுக்கொடுப்பானா என்றுதான் சந்தில் சொல்வார்கள். நீங்கள் சொன்னால்தான் எடுபடும். அந்த ஐந்து பேரிடமும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்குப் போய் இசக்கியிடமும் சொல்லுங்கள், சொரிமுத்து இருக்கும்போது சொல்லுங்கள்.

ஆறு வருஷத்தில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மாதுங்காவிலிருந்து நடந்தால் அரைமணி நேரம். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இதை மனத்தாங்கலாக எழுதவில்லை. வழி தெரியாவிட்டால் பிள்ளையார் கோவில் பக்கம் சொரிமுத்துவின் தகர வேலைக் கடை என்று கேளுங்கள்.

இங்கே முதலாளி மூன்று வருஷத்துக்கு என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார். குடும்பத்தோடு வரலாம், வீடு தருகிறேன் என்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர், நல்ல மிஷின். பம்பாயில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றால் நான் இங்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன். பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்.

நெல்லையப்பன்

மாதுங்கா
23-11-1964

அன்புள்ள நெல்லையப்பன்,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஆரம்பித்தேன். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் மேல்மாடி. மூன்று வீட்டிலும் வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே வாருங்கள் என்றார்கள், சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். 'விஜயதசமியன்று நான் நெல்லையப்பன் பையைத் திறக்கச் சொன்னேன், நீங்கள் பார்த்தீர்கள். அவர் எடுக்கவில்லை. என் வீட்டிலிருந்தே கொடுத்துவிட்டோம். தப்பு என்னுடையது.' இதையே ஒப்பித்துக்கொண்டு போனேன். இரண்டாவது வீட்டில் யார் நெல்லையப்பன் என்று கேட்டார்கள். அவர்கள் அன்றே மறந்துவிட்டிருக்கிறார்கள். நான்தான் ஞாபகப்படுத்தி, அப்புறம் தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. சிரிக்காதீர்.

வேங்கடசுப்ரமணியன் செக்ரட்டரி ஆயிற்றே, தீர விசாரித்தார். கடைசியில், "ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சுது, இதுக்கு ஏன் ஓய் வீடு வீடா அலையறீர்" என்றார். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். நாகலக்ஷ்மி மாமிதான் முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு வேலைக்கார அம்மாளைக் கூப்பிட்டு, "மாமா சொல்றதைக் கேட்டுக்கோ, இதையும் போய்ச் சொல்லு" என்றாள். திரும்பவும் முதலிலிருந்து ஒப்பித்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை தாராவி. பாகீரதியும் வருகிறேன் என்றாள், தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையார் கோவிலில் கேட்டேன், சொரிமுத்துவே எழுந்து வந்து கூட்டிப் போனார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

உமது சம்சாரம் "வாங்க சார், உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள், அவர்களும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். பாதியில் நான் நிறுத்திவிட்டேன், மீதியைப் பாகீரதி சொன்னாள். உம் மகள் செண்பகவல்லி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியம்மாள் சொன்னது இது. "நீங்க கேட்டதுகூட எனக்குப் பெரிசில்ல சார். எவனாச்சும் ஒரு சொல்லு சொல்லிட்டா நாலு சொல்லு திருப்பிச் சொல்லுத மனுசன் அவரு. அன்னைக்கு வந்து செவரப் பாத்து உக்காந்துட்டாரு. உங்கள ஒரு வார்த்த ஏசல. நான் ஏசுனதுக்கு, வாய மூடுன்னு என்னயத்தான் சத்தம் போட்டாரு."

அழுதேன், நெல்லையப்பன். உம்முடைய வீட்டில், உம்முடைய சந்து முழுக்கப் பார்க்க. சொரிமுத்துதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

காப்பி வந்தது, குடித்தோம். பாகீரதி இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆறு வருஷமாக நான் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். அதை எழுத்தில் எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது, நேரில் சொல்கிறேன். அரைமணி நேரம் என்று எழுதியிருந்தீர். இருபத்தைந்து நிமிஷம்தான் ஆயிற்று.

சிவகாசி வேலை நல்ல வேலை என்று தெரிகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் போன வாரம் கிராண்ட் ரோடு ரத்திக்கடையில் ரெபெல்லோ கையெழுத்தோடு ஒரு தாள் பார்த்தேன். புல்வெளி போலத்தான் இருக்கிறது, ஒன்பதில் சேராத புல்வெளி. முதல் அச்சா, பிறகு அடித்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டடி தள்ளி நின்று பார்த்தேன். தனியாக நின்று பார்க்க ஒன்றும் தெரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

பஞ்சு

சிவகாசி
30-11-1964

அன்புள்ள பஞ்சு சார்,

உங்கள் கடிதமும் செண்பகவல்லி எழுதிய கார்டும் ஒரே தபாலில் வந்தன. அவளுக்குத் தமிழ் எழுத்து தகராறு, நாலு வரிக்குள் இந்தி புகுந்துவிடும். 'மாமா ரோயா, மாமியும் ரோயா, அம்மா மட்டும் ரோயா இல்லை, அவர்கள் போன அப்புறம் அம்மாவும்' என்று எல்லோரும் அழுததை எழுதியிருக்கிறாள். மறுநாள் இசக்கி குழாயடியில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தாளாம். ஒன்றரை மாதப் பேச்சு பாக்கி இருந்திருக்கும்.

இன்று காலை முதலாளியிடம் போய், மிஷின் ஓடுகிறது, உங்கள் ஆட்களுக்கும் பழக்கிவிட்டேன், நான் கிளம்புகிறேன் என்று சொன்னேன். பம்பாயில் அப்படி என்னய்யா இருக்கு என்று கேட்டார். கோல்ஃப் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கிராண்ட் ரோடு தாளை யாரும் வாங்காமல் இருக்கக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். ஓரத்தில் கூட்டல் குறி மாதிரி சின்ன அடையாளங்கள் இருந்தால் கத்தரிக்காத முதல் அச்சு. நான் வந்து பார்க்கிறேன். வியாழக்கிழமை இங்கே ரயில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலை தாதர். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேரே வந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் இதுவரைக்கும் நான் எழுதவில்லை, இசக்கிக்கும் தெரியாது. விஜயதசமியன்று உங்கள் வீட்டிலிருந்து இறங்கியவன் உடனே போய்விடவில்லை. கீழ்ப்படியில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேர் என்னைத் தாண்டி மேலே போனார்கள், ஒருவர் கீழே வந்தார். இப்போது கதவைத் திறந்து 'நெல்லையப்பன்' என்று கூப்பிடுவார், காப்பி ஆறுகிறது என்பார், ஏறிப் போய்விடலாம் என்று நின்றேன். விளக்குப் போடும்வரை நின்றேன். நீங்கள் கூப்பிடவில்லை.

இப்போது கூப்பிட்டுவிட்டீர்கள். வருகிறேன்.

நெல்லையப்பன்